ரெண்டு முள்ளும் சேர்ந்து ஏறுது: பழைய கார் மீட்டர்களை எப்படிச் சரிசெய்வது?

ஸ்பிட்ஃபயர்68

வணக்கம் நண்பர்களே. வண்டி 1968 டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. டேஷ்போர்டு மரத்தை மூன்று வாரம் உட்கார்ந்து தேய்த்து, வார்னிஷ் அடித்து, போன ஞாயிறுதான் எல்லா மீட்டரையும் திரும்ப மாட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. சொல்வதுதான் ஒன்றும் சரியில்லை.

டேங்கில் பாதிதான் பெட்ரோல், குச்சி விட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் முள் முக்காலுக்கு வந்து நிற்கிறது. இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் அங்கிருந்து மெல்ல ஊர்ந்து, முழு டேங்க் கோட்டையும் தாண்டிவிடுகிறது. டெம்பரேச்சர் முள்ளும் அப்படியே. பத்து நிமிடத்தில் சூட்டுப் பக்கம் போய் ஒட்டிக்கொள்கிறது. பயந்துபோய் தெர்மோஸ்டாட் மூடியில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் காட்டினால் 84 டிகிரி. ரேடியேட்டரிலும் கொதி இல்லை, தண்ணீரும் குறையவில்லை.

ரெண்டும் ஸ்மித்ஸ் மீட்டர். இவற்றை முறையாகக் கேலிப்ரேட் செய்வது எப்படி? கண்ணாடி வளையத்தைக் கழற்றி முள்ளை நகர்த்தி வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நள்ளிரவுகேரேஜ்

முள்ளில் கை வைக்க வேண்டாம். முதலில் இதைப் படியுங்கள்.

ஒரு மீட்டர் தப்பாகக் காட்டினால் அந்த மீட்டரையோ அதன் சென்சாரையோ சந்தேகப்படலாம். ரெண்டு மீட்டர், ஒரே நாளில், ஒரே திசையில் தப்பினால் குற்றவாளி ரெண்டுக்கும் பொதுவான ஒரு ஆள். உங்கள் வண்டியில் அந்த ஆளின் பெயர் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு தகர டப்பா, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும். பச்சை ஒயர் உள்ளே போகும், இளம்பச்சை வெளியே வரும்.

அந்தக் கால ஸ்மித்ஸ் மீட்டருக்குள் காந்தம் கிடையாது. ரெண்டு உலோகத்தை ஒட்டிய ஒரு பட்டை, அதன் மேல் சுற்றிய சூடேற்றும் கம்பி, அவ்வளவுதான். கரண்ட் போனால் பட்டை சூடாகி வளையும், முள்ளைத் தள்ளும். அதனால்தான் முள் அவ்வளவு நிதானமாக நகர்கிறது. பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் ஆடாமல் இருப்பதும் இதனால்தான். ஆனால் வோல்டேஜ் மாறினால் சூடும் மாறும். அதனால் 10 வோல்ட் கணக்குக்கு மீட்டரைச் செய்துவிட்டு, பேட்டரிக்கும் மீட்டருக்கும் நடுவில் ஸ்டெபிலைசரை வைத்தார்கள். அதற்குள்ளும் அதே மாதிரி ஒரு பட்டைதான். சூடானால் காண்டாக்டைப் பிரிக்கும், ஆறினால் சேர்க்கும். டிக், டிக் என்று விட்டுவிட்டு அனுப்பி, மொத்தத்தில் 10 வோல்ட் போன மாதிரி ஆக்கிவிடும்.

இப்போது கவனியுங்கள். அந்தப் பட்டையைச் சூடாக்கும் கம்பியின் மறுமுனை எர்த்துக்கு, அதாவது பேட்டரியின் ஒரு முனையோடு சேர்ந்த வண்டியின் பாடிக்குப் போகிறது, டப்பாவின் உடல் வழியாக. எர்த் போய்விட்டால் கம்பி சூடாகாது, காண்டாக்ட் பிரியவே பிரியாது, முழு வோல்டேஜும் நேராக மீட்டருக்குப் போகும். வளைவு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. இன்ஜின் ஓடாமல் 12.4 வோல்ட் என்று வைத்தால் 1.24ஐ 1.24ஆல் பெருக்கிப் பாருங்கள்: ஒன்றரை மடங்கு. பாதி முக்கால் ஆகிறது. இன்ஜின் ஓடும்போது 13.8 வந்தால் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பாதி டேங்க் முழு டேங்க் ஆகிவிடும். நீங்கள் எழுதியதும் இதுதானே?

மரத்தில் எர்த் போகாது. உங்கள் ஸ்டெபிலைசருக்கும் மீட்டர்களுக்கும் எர்த் ஒரு கறுப்பு ஒயர் வழியாகத்தான் வருகிறது. அதைத் திரும்ப மாட்டினீர்களா?

வண்டுப்பிரியன்

எதுக்கு மீட்டர்? குச்சி போதும் 😄 1960க்கு முந்தைய பீட்டில் பெரும்பாலானதில பெட்ரோல் மீட்டரே இல்ல. வண்டி திக்கித் திணறினா கால்கிட்ட இருக்கிற ரிசர்வ் லீவரைத் திருப்பணும், அவ்வளவுதான் கேலிப்ரேஷன். போன தடவை ரிசர்வ் போட்டுட்டு லீவரைத் திரும்ப வைக்க மறந்தவனுக்கு மட்டும்தான் கஷ்டம். அந்த மறந்தவன் யாருன்னு கேக்காதீங்க.

சீரியஸா ஒரு கேள்வி எனக்கும் இருக்கு, ஸ்பீடோமீட்டர் பத்தி. இவர் வேலை முடியட்டும், அப்புறம் கேக்கிறேன்.

ஸ்பிட்ஃபயர்68

@நள்ளிரவுகேரேஜ், தலைகீழாகப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்பு ஒயர் ஹீட்டர் குழாய்க்குப் பின்னால் தனியாகத் தொங்குகிறது! ஸ்டெபிலைசரிலிருந்து வெளியே வரும் இடத்தில் மல்டிமீட்டர் வைத்தால் 13.7 வோல்ட், ஆடாமல் அசையாமல். ஒயரை மாட்டினேன். மாட்டியதும் மல்டிமீட்டர் 0, 13.7, 0, 13.7 என்று தாவுகிறது. இது சரிதானா, அல்லது ஸ்டெபிலைசரும் கெட்டுப்போய்விட்டதா?

இன்னொரு விஷயம். டெம்பரேச்சர் முள் இப்போது சரியாக நடுவில் நிற்கிறது. ஆனால் பெட்ரோல் முள் பாதி டேங்குக்குக் காலிக்கோட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

நள்ளிரவுகேரேஜ்

தாவுவதுதான் சரி. டிஜிட்டல் மல்டிமீட்டர் சராசரி காட்டாது, கண்டதைக் காட்டும். அந்த இடத்தில் ஒரு சின்ன டேஷ்போர்டு பல்பை மாட்டிப் பாருங்கள், கண் சிமிட்டும். சிமிட்டினால் ஸ்டெபிலைசர் உயிரோடு இருக்கிறது.

பெட்ரோல் மீட்டர் விஷயத்தில் ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. முதல் பதிவு போடுவதற்கு முன்னாலேயே அதில் ஏதாவது செய்துவிட்டீர்களா?

ஸ்பிட்ஃபயர்68

...ஆமாம்.

மீட்டருக்குப் பின்னால் கார்க் அடைத்த மாதிரி ரெண்டு சின்னத் துளை இருந்தது. கார்க்கைக் குத்தி எடுத்து, உள்ளே ஸ்க்ரூ டிரைவர் விட்டு ஒன்றைத் திருப்பினேன். முள் கொஞ்சம் இறங்கியது. சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் திருப்பினேன். டெம்பரேச்சர் மீட்டரிலும் செய்யலாம் என்று எடுக்கும்போதுதான் சந்தேகம் வந்து இங்கே எழுதினேன்.

எவ்வளவு திருப்பினேன் என்று எண்ணவில்லை. 🙈

சோக்இழு

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தையே கோணலாக்கிவிட்டார்.

நள்ளிரவுகேரேஜ்

சிரிக்காதீங்கப்பா, எல்லோரும் ஒருமுறை செய்வதுதான். நான் என் முதல் வண்டியில் கண்ணாடி வளையத்தைக் கழற்றி முள்ளையே விரலால் வளைத்தவன். இவர் தொட்டது குறைந்தபட்சம் திருப்புவதற்கென்றே வைத்த இடம். திரும்பக் கொண்டுவந்துவிடலாம்.

அந்த ரெண்டு துளைக்குள்ளும் பல் வெட்டிய சின்னத் தகடு இருக்கும், ஸ்க்ரூ டிரைவர் நுனி அதில் பதியும். ஒன்று காலிக்கோட்டுக்கு, மற்றது முழுக்கோட்டுக்கு. தொழிற்சாலையில் இவற்றைத் திருப்பித்தான் அளவு வைத்து, பிறகு கார்க் அடைத்தார்கள். ஒன்றைத் திருப்பினால் மற்றதும் கொஞ்சம் நகரும், அதனால் ஒரே தடவையில் முடியாது.

காரில் வைத்துச் செய்யாதீர்கள். மீட்டரைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுவாருங்கள். 10 வோல்ட்டில் நிலையாக நிற்கும் பவர் சப்ளை வேண்டும். டேங்க் யூனிட்டையும் கழற்றுங்கள், பெட்ரோல் மட்டத்துக்கு ஏற்ப மின்தடையை மாற்றும், மிதவையோடு வரும் அந்தக் கை. பேட்டரியைப் பிரித்துவிட்டு, திறந்த வெளியில் கழற்றுங்கள். பக்கத்தில் எரிகிற பல்ப், பீடி, ஹீட்டர் எதுவும் வேண்டாம். டேங்க் வாயை உடனே மூடிவிடுங்கள். யூனிட்டைத் துடைத்து, ஆவி போக நன்றாகக் காயவிட்ட பிறகுதான் மேஜைக்கு வர வேண்டும். அரை டேங்க் பெட்ரோலைவிடக் காலி டேங்கின் ஆவிதான் ஆபத்து.

இணைப்பு: சப்ளையின் ஒரு முனை மீட்டரின் ஒரு பக்கம், மீட்டரின் மறுபக்கம் டேங்க் யூனிட், யூனிட்டின் உடல் சப்ளையின் மறுமுனை. மீட்டரைக் காரில் நிற்பது போலவே நிமிர்த்தி வையுங்கள். மிதவைக் கையை அடியில் விட்டு ரெண்டு நிமிடம் காத்திருங்கள். முழுதாக ரெண்டு நிமிடம், கடிகாரம் பார்த்து. அப்புறம் காலிக்கோட்டுத் துளையைத் திருப்புங்கள். கையை மேலே தூக்கிக் கட்டி, மறுபடியும் ரெண்டு நிமிடம், முழுக்கோட்டுத் துளை. திரும்பக் கீழே. மூன்று நான்கு சுற்றில் ரெண்டும் நிலைக்கு வரும். அவசரப்பட்டு முப்பது விநாடியில் திருப்பினால் விடிய விடிய முள்ளைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

டேங்க் யூனிட்டுக்குப் பதில் மின்தடையை வாங்கி வைத்துச் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். உங்கள் டேங்க் யூனிட்டுக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. அதன் கம்பிச்சுருள் எங்கெங்கே தேய்ந்திருக்கிறதோ யாருக்குத் தெரியும்? புத்தகத்து எண்ணுக்குச் சரிசெய்வதைவிட, கூடவே வாழப்போகிற யூனிட்டுக்குச் சரிசெய்வது மேல். கையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். எண் சீராக ஏறி இறங்க வேண்டும். நடுவில் எங்காவது திடீரென்று முடிவிலிக்குத் தாவினால் அங்கே சுருள் அறுந்திருக்கிறது. மிதவையையும் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சலசலவென்றால் அது பெட்ரோல் குடித்துவிட்டது.

ஓம்விதி

நல்ல பதிவு. இரண்டு திருத்தம்.

ஒன்று, ஸ்டெபிலைசர் "சராசரி 10 வோல்ட்" தருகிறது என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். கறாராகப் பார்த்தால், அது 10 வோல்ட் நேர்மின்சாரம் தரும் சூட்டுக்குச் சமமான சூட்டைத் தருகிறது. 13.8 வோல்ட் உள்ளே வரும்போது காண்டாக்ட் பாதி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், 52 சதவீதம் சேர்ந்திருந்தாலே போதும். அந்த நேரத்துச் சராசரி 7.2 வோல்ட்தான். முள் மல்டிமீட்டரை வைத்து 7 சொச்சம் பார்த்துவிட்டு நல்ல ஸ்டெபிலைசரைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

இரண்டு, அதைத் தூக்கிவிட்டு மூன்று கால் ரெகுலேட்டர் ஐசி 7810 போடலாமே? காண்டாக்ட் கருகாது, சத்தமில்லை, உண்மையான 10 வோல்ட். பழைய டப்பாவைப் பிரித்து அதற்குள்ளேயே மறைத்துவிடலாம், வெளியிலிருந்து தெரியாது.

நள்ளிரவுகேரேஜ்

சூட்டுக் கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன்.

7810 விஷயத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதற்கு வெளியே 10 வோல்ட் வர, உள்ளே சுமார் 2 வோல்ட் கூடுதலாக வேண்டும். பேட்டரி 11.8க்கு இறங்கி, இரவில் விளக்கு வைப்பர் எல்லாம் ஓடும்போது அது 10 தராது, முள்ளும் கொஞ்சம் படுக்கும். பழைய டப்பா 11.8இலும் காண்டாக்டைக் கூடுதல் நேரம் சேர்த்து வைத்துச் சமாளித்துக்கொள்ளும். ஐசிதான் வேண்டுமென்றால் குறைந்த இழப்பு வகையைப் போடுங்கள், எல்எம்2940இல் 10 வோல்ட் ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்கு வெளியேறும் முனையில் கெபாசிட்டர் கட்டாயம், இல்லாவிட்டால் ஊசலாடும்.

ஓம்விதி

ஏற்கிறேன். இன்னொரு எச்சரிக்கையும் சேர்த்துவிடுகிறேன், இதில் ஒயரைப் புகையவிட்டவன் நானே.

1960களின் பல பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். அவற்றில் 7810 வேலைக்கு ஆகாது, நெகட்டிவ் வகையான 7910 வேண்டும். இரண்டும் பார்க்க அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும். கால்களின் வரிசை வேறு: 7810இல் நடுக்கால் எர்த், 7910இல் நடுக்கால்தான் பேட்டரியிலிருந்து வரும் முனை. முதுகில் இருக்கும் உலோகத் தகடு நடுக்காலோடு சேர்ந்தது. 7810இன் தகட்டை டப்பாவில் நேராகத் திருகி முடுக்கலாம். பழக்க தோஷத்தில் 7910ஐயும் அப்படியே முடுக்கினேன். பேட்டரி நேராக பாடிக்கு. சாவியைத் திருப்பிய நொடியில் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் நாற்றம். மைக்கா ஷீட்டும் பிளாஸ்டிக் வாஷரும் நடுவில் வைக்காமல் 7910ஐ முடுக்கவே கூடாது.

தலைகீழ்முள்

பொருத்தமான நேரத்தில் வந்தேன் போல. என் வண்டி வேறு, ஆனால் பிரச்சினை பெட்ரோல் மீட்டர்தான். டேங்க் யூனிட் புதிது போட்டேன். டேங்க் காலியானால் முழு டேங்க் காட்டுகிறது, நிரப்பினால் காலி. ஒயரை மாற்றிப் போட்டும் பார்த்தாகிவிட்டது. மீட்டரைத் தலைகீழாக மாட்டச் சொல்லாதீர்கள், வீட்டில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

ஓம்விதி

ஒயர் காரணமில்லை. யூனிட் உங்கள் மீட்டரின் சாதியைச் சேர்ந்ததில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு ஓம் வரிசை வைத்திருந்தது. முதலில் காலி, பிறகு முழு டேங்க்:

பழைய ஃபோர்டு சுமார் 73 ஓமிலிருந்து 10க்கு இறங்கும். ஜெனரல் மோட்டார்ஸ் 1965 முதல் 0விலிருந்து 90க்கு ஏறும், அதற்கு முன்பு 0விலிருந்து 30. ஸ்டூவர்ட் வார்னர் 240லிருந்து 33க்கு இறங்கும். விடிஓ 10லிருந்து 180க்கு ஏறும். ஸ்மித்ஸும் நிரம்ப நிரம்ப இறங்குகிற வகைதான்.

ஏறுகிற மீட்டருக்கு இறங்குகிற யூனிட்டைப் போட்டால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். எந்தத் துளையைத் திருப்பினாலும் இது சரியாகாது, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். கழற்றிய பழைய யூனிட்டைத் தூக்கி எறிந்துவிடவில்லையே? அதில் ஓம் அளந்து பாருங்கள், மீட்டர் எந்த வகை என்று அதுவே சொல்லிவிடும்.

நள்ளிரவுகேரேஜ்

இதே கணக்கை வைத்து எர்த் கோளாறையும் பிடிக்கலாம், பலருக்குத் தெரிவதில்லை. டேங்கின் எர்த் துருப்பிடித்தால் பாதையில் ஓம் கூடும். ஸ்மித்ஸ், ஃபோர்டு வண்டிகளில் ஓம் கூடினால் முள் இறங்கும், டேங்க் நிறைய இருந்தும் குறைவாகக் காட்டும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டியில் அதே துரு முள்ளை ஏற்றிவிடும், பெட்ரோல் இருப்பதாக நம்பி நடுவழியில் நிற்பீர்கள். டேங்கிலிருந்து பாடிக்குத் தற்காலிகமாக ஒரு ஒயர் இழுத்துப் பாருங்கள். முள் நகர்ந்தால் மீட்டரில் குறையில்லை.

வண்டுப்பிரியன்

இப்ப என் முறை. 1970 பீட்டில், விடிஓ ஸ்பீடோமீட்டர். ஜிபிஎஸ் 80 காட்டும்போது முள் 90ல நிக்குது. தலையைக் கழட்டிக் காந்தத்தைத் திருத்தணும்னு ஒருத்தர் சொன்னார். செய்யலாமா?

நள்ளிரவுகேரேஜ்

காந்தத்துக்குப் போவதற்கு முன் ஒரு கேள்வி: கிலோமீட்டர் கணக்கு, அதாவது ஓடோமீட்டர், சரியாக ஓடுகிறதா?

ஸ்பீடோமீட்டர் தலைக்குள் ரெண்டு தனித்தனி இயந்திரம் இருக்கிறது. ஓடோமீட்டர் முழுக்கப் பல்சக்கரம். கேபிள் இத்தனை சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டர், அதில் ஏமாற்று வேலை நடக்காது. வேக முள் வேறு கதை. கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது, அதன் மேல் தொடாமல் ஒரு அலுமினியக் கிண்ணம், கிண்ணத்தோடு முள், முள்ளைப் பின்னுக்கு இழுக்க மயிரிழைச் சுருள்வில். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து கிண்ணத்தை இழுக்கும், சுருள்வில் தடுக்கும். ரெண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும்.

ஆக, ஓடோமீட்டரும் தப்பு என்றால் டயரோ கியரோ மாறியிருக்கிறது. ஓடோமீட்டர் சரி, முள் மட்டும் தப்பு என்றால்தான் தலைக்குள் போக வேண்டும். காந்தம் வலுவிழந்தால் குறைவாகக் காட்டும். கூடுதலாகக் காட்டுகிறதென்றால் சுருள்வில்லையும் அழுக்கையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஜிபிஎஸ் வைத்து 20 கிலோமீட்டர் ஓட்டி, ஓடோமீட்டர் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். டயர் அளவையும் சொல்லுங்கள்.

வண்டுப்பிரியன்

20க்கு 21.5 காட்டுச்சு. டயர் 165/65ஆர்15. அழகா இருக்கும்னு போட்டேன்.

நள்ளிரவுகேரேஜ்

அங்கேதான் இருக்கிறது. பீட்டிலுக்கு ஆதியில் வந்தது 5.60-15. அந்த டயரின் ஒரு சுற்று சுமார் 1.96 மீட்டர். நீங்கள் போட்டது சுமார் 1.82. உங்கள் வண்டியில் கேபிள் முன் இடது சக்கரத்தின் அச்சுக்குள்ளிருந்தே வருகிறது, சக்கரம் ஒரு சுற்று என்றால் கேபிளும் ஒரு சுற்று. சின்னச் சக்கரம் அதிக முறை சுற்றும், கேபிளும் அதிக முறை சுற்றும். 7.5 சதவீதம் அதிகம்.

உண்மையில் 80 போகும்போது டயர் மட்டுமே முள்ளை 86க்குத் தள்ளிவிட்டது. மிச்சம் 4 கிலோமீட்டர் தலையில். அந்த நாலுக்காகத் தலையைப் பிரிக்காதீர்கள். இன்றைய கார்களுக்கான ஐநா விதி 39 என்ன சொல்கிறது தெரியுமா? ஸ்பீடோமீட்டர் ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதன் மேல் 4 கிலோமீட்டரும் வரை. 80க்கு 92 வரை அனுமதி. உங்கள் ஐம்பது வருஷத்துப் பீட்டில் தப்பான டயரோடும் புது காரின் சட்டத்துக்குள்தான் ஓடுகிறது.

டயர் மாற்றும்போது பழைய அளவுக்குப் போய்விடுங்கள், முடிந்தது.

வண்டுப்பிரியன்

அப்போ இத்தனை நாளா நான் ஓட்டினதா நினைச்ச தூரத்துல 7 சதவீதம் பொய்யா? மைலேஜ் நல்லா தருதுன்னு வேற பெருமை அடிச்சிட்டு இருந்தேன்.

சோக்இழு

என் வண்டியில் முள் 50க்கும் 70க்கும் நடுவில் ஊஞ்சலாடுகிறது. கேபிளுக்கு நன்றாக கிரீஸ் வைத்தேன், இன்னும் மோசமாகிவிட்டது.

நள்ளிரவுகேரேஜ்

"நன்றாக" என்ற வார்த்தைதான் என்னைப் பயமுறுத்துகிறது.

கேபிள் ஒரு திருகாணி மாதிரி. சுற்றும்போது கிரீஸை மேலே மேலே ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் தலைக்குள் கொண்டுபோய்க் கொட்டும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் தலைமுடி அளவு இடைவெளிதான். அதில் கிரீஸ் புகுந்தால் கிண்ணம் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டு முள்ளை உச்சத்துக்குத் தூக்கும். நண்பர் ஒருவர் வண்டியில் குளிர்ந்த காலையில் 30இல் போகும்போது முள் 120இல் நின்றது. பிரித்துப் பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரி மஞ்சள் கிரீஸ். காது குடையும் பஞ்சுக் குச்சியும் லைட்டர் பெட்ரோலும் வைத்து, அந்த மயிரிழைச் சுருள்வில்லைத் தொடாமல் துடைக்க ஒரு மாலை முழுக்கப் போனது.

உள்கேபிளை உருவி எடுங்கள். பழைய கிரீஸை முழுக்கத் துடையுங்கள். கண்ணாடி மேஜையில் வைத்து உள்ளங்கையால் உருட்டுங்கள், நேராக உருள வேண்டும். எங்காவது துள்ளினால் அங்கே முறிந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். கிரீஸை விரலில் தடவி மெல்லிய படலமாக இழுங்கள். மேல் முனையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு ஒன்றுமே வேண்டாம். வெளிக்குழாய் எங்கேயும் 15 செண்டிமீட்டருக்குக் குறைவான ஆரத்தில் வளையக் கூடாது. டேஷ்போர்டுக்குப் பின்னால் கடைசி வளைவில்தான் பெரும்பாலும் நெருக்கிவிடுவார்கள்.

ஓம்விதி

தலை மட்டும் சரியா என்று பார்க்க ஒரு மேஜைச் சோதனை. ஸ்மித்ஸ் டயலின் அடியில் மைலுக்கு எத்தனை கேபிள் சுற்று என்று சின்ன எண் இருக்கும். விடிஓவில் "டபிள்யூ" போட்டு, கிலோமீட்டருக்கு எத்தனை ஆயிரம் சுற்று என்று இருக்கும். கணக்கு எளிது: எண் 1000 என்றால், நிமிடத்துக்கு 1000 சுற்றில் முள் 60இல் நிற்க வேண்டும், மைல் டயலானாலும் கிலோமீட்டர் டயலானாலும். வேகம் கட்டுப்படுத்தக்கூடிய டிரில்லில் பழைய கேபிள் துண்டைப் பிடித்து ஓட்டலாம். சுற்றை அளக்கும் லேசர் டாக்கோமீட்டர் கூடவே இருக்கட்டும், டிரில்லின் டிரிகரை நம்பாதீர்கள். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதை முதலில் வண்டியில் பார்த்துக்கொள்ளுங்கள், எதிர்ப்பக்கம் ஓட்டினால் முள் தடுப்பு ஊசியில் போய் மோதும்.

வண்டி என்ன சுற்று அனுப்புகிறது என்று பார்க்க, கேபிளைத் தலையிலிருந்து கழற்றி, முனையில் சின்ன அட்டைக்கொடி ஒட்டி, ஒருவர் வண்டியை நேராகத் தள்ள, ஒருவர் கொடியின் சுற்றை எண்ண வேண்டும். பின்சக்கரம் ஆறு சுற்று போனதும் தரையில் தூரத்தை அளந்து, எண்ணிய சுற்றை அந்தத் தூரத்தால் வகுத்தால் போதும். ஜாக்கி போட்டு ஒரு பின்சக்கரத்தை மட்டும் கையால் சுற்றினால் டிஃபரன்ஷியல் காரணமாகக் கேபிள் பாதிதான் சுற்றும். அதை மறந்து, மீட்டர் இரண்டு மடங்கு தப்பு என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

தலைகீழ்முள்

பழைய யூனிட் பரணில் கிடந்தது. அளந்தேன்: கீழே 9, மேலே 178. விடிஓ! நான் வாங்கியது 240லிருந்து 33. நன்றி ஐயா.

ஆர்பிஎம் மீட்டருக்கும் இப்படி மேஜைச் சோதனை இருக்கிறதா?

ஓம்விதி

எலக்ட்ரானிக் வகைக்கு உண்டு. நாலு சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு 2 தீப்பொறி. விநாடிக்கு 100 துடிப்பு என்றால் 3000 ஆர்பிஎம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில், சின்ன 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் போட்டு, கெபாசிட்டர் போடாமல் விட்டால் சரியாக 100 துடிப்பு வரும். ஆறு சிலிண்டர் மீட்டரில் அதே துடிப்பு 2000 காட்ட வேண்டும். உள்ளே போர்டில் ஒரு சின்னத் திருகு மின்தடை இருக்கும், அதுதான் அளவு. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் வீட்டு மின்சாரத்தை நேராக மீட்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், யாரும்.

ஆனால் ஸ்மித்ஸின் "ஆர்விஐ" வகை இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஒயரின் மின்னோட்டத்தைப் பார்ப்பது. பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டதும் இது துள்ளினாலோ செத்தாலோ மீட்டர் கெட்டதாக அர்த்தமில்லை. அதற்குத் தெரிந்த துடிப்பு இப்போது வருவதில்லை.

சோக்இழு

டெம்பரேச்சர் மீட்டரில் ஒயருக்குப் பதில் மெல்லிய செப்புக்குழாய் இருக்கிறதே, அது?

நள்ளிரவுகேரேஜ்

அது முழு மெக்கானிக்கல். முனைக் குமிழுக்குள் ஈதர் போன்ற ஆவியாகும் திரவம், அதன் அழுத்தம் குழாய் வழியாக வந்து முள்ளைத் தள்ளுகிறது. குமிழைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டு 100இல் நிற்கிறதா பாருங்கள். மலைப்பகுதியில் இருந்தால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் ஒரு டிகிரி கழியுங்கள். ஆறும்போது சாதாரணத் தெர்மாமீட்டரைப் பக்கத்தில் வைத்து 80, 70 என்று ஒப்பிடுங்கள். அந்தக் குழாயை மட்டும் மடித்தோ வெட்டியோ விடாதீர்கள், ஈதரை வீட்டில் நிரப்பும் வேலை வேண்டாம், அது பெட்ரோலைவிட வேகமாகப் பற்றும்.

இன்னொன்று. மிகப் பழைய டயல்களில் இருட்டில் ஒளிர்வதற்கு ரேடியம் கலந்த பூச்சு இருக்கலாம். இப்போது ஒளிரவில்லையே என்று சுரண்டாதீர்கள். செத்தது ஒளிரும் வேதிப்பொருள்தான். ரேடியத்தின் அரை ஆயுள் 1600 வருஷம், அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பழுப்பேறி உதிர்கிற எண்களைப் பார்த்தால் கண்ணாடியைத் திறக்காமல், அதற்கென்று இருப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

ஸ்பிட்ஃபயர்68

முடித்துவிட்டேன்!

டேங்க் யூனிட்டைக் கழற்றி, புத்தக அடுக்கில் சாய்த்து, மிதவைக் கையை மேலே நிறுத்த நூல் கட்டி, பக்கத்தில் சமையலறைக் கடிகாரம். சொன்ன மாதிரி ரெண்டு ரெண்டு நிமிடம். முதல் சுற்றில் காலிக்கோடு சரியானால் முழுக்கோடு ஓடிப்போகும், அதைப் பிடித்தால் இது நழுவும். ஐந்தாவது சுற்றில்தான் நின்றது. கையை நடுவில் வைத்தால் முள் பாதிக்கு ஒரு முள் கனம் கீழே. அதற்குத் திருப்ப மூன்றாவது துளை இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

காரில் மாட்டியபின் டேங்கைக் காலி செய்து, 5 லிட்டர் கேனால் ஊற்றிக்கொண்டே ஒவ்வொரு தடவையும் முள் நிற்கும் இடத்தைப் படம் எடுத்தேன். முதல் 5 லிட்டருக்கு முள் அசையவே இல்லை! மிதவை அடியைத் தொடாத உயரத்தில் நிற்கிறது போல. அப்புறம் மேலே போகப்போக ஒவ்வொரு 5 லிட்டருக்கும் நகர்வது குறைகிறது. இனி முள் காலிக்கோட்டைத் தொட்டாலும் எனக்கு 5 லிட்டர் கைவசம் இருக்கிறது என்று தெரியும். அந்தப் படங்களை அச்சிட்டு கையுறைப் பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டேன்.

நள்ளிரவுகேரேஜ்

அருமை. கார்க்கைத் திரும்ப அடைத்தீர்களா? தூசி போகும்.

ஸ்பிட்ஃபயர்68

ஒன்றை அடைத்தேன். இன்னொன்று டேஷ்போர்டுக்குப் பின்னால் எங்கேயோ விழுந்துவிட்டது. தேடிக்கொண்டிருக்கிறேன்.